டயர் தட்டும் இடங்கள்

லைனுக்குப் போய்த் திரும்பியவன் பட்ட பாட்டைச் சொல்லலாம். பார்த்த அழகைச் சொல்லக் கூடாது. திருவொற்றியூர் ஆயில்மில் சந்தில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து வடக்கே சரக்கு ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுநர்கள் அங்கே வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள். மாதக்கணக்கில் நீளும் அந்தப் பயணத்தைத்தான் அவர்கள் 'லைன்' என்றார்கள். லைன் முடிந்து வருகிறவன் சந்து முனையில் நின்று செருப்புத் தூசியைத் தட்டுவான். எதிரே வரும் பெண் யாராயிருந்தாலும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, "வழி எப்டி?" என்று கேட்பாள். அதற்கான பதில் ஓர் இலக்கிய வகையைப் போல இறுகிவிட்டிருந்தது. டயரில் தொடங்கும், செக்போஸ்டில் விரியும், முதுகுவலியிலோ வயிற்றுப்போக்கிலோ முடியும். சொல்லுகிறவனின் திறமை அவன் தொல்லைகளை அடுக்கும் விதத்தில் தெரியும். "சோக்கா இருந்திச்சி", அதாவது அருமையாக இருந்தது என்ற சொல் மட்டும் இதுவரை எந்த வாயிலிருந்தும் வந்ததில்லை.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசை வைத்து, மணலி ஆலைகளின் பக்கமிருந்து காற்று திரும்பும்போதெல்லாம் ஜன்னலை அடைத்து, பிள்ளைகளின் இருமலுக்கு நடுவே நாட்களைத் தள்ளியவளிடம், 'நான் பனி பார்த்தேன்' என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆகவே வாட்ஸாப்பில் வரும் படங்களும் விதிக்குக் கட்டுப்பட்டன: வெடித்த டயர், சகதியில் இறங்கிய சக்கரம், சுங்கச்சாவடியில் அசையாத வண்டிகள். பனிமலையைப் பெண்கள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். அது வேறு யாரோ விடுமுறைக்குப் போகிற வடக்கு. தங்கள் வீட்டு ஆண்கள் போகிற வடக்கு வேறு.

லைனுக்குப் போகிறவர்களில் ஒருவனான ஒவைஸின் மனைவி உமைமா மீஞ்சூரைத் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் அவளிடம் இந்த நாட்டின் வரைபடம் ஒன்று இருந்தது. அது முழுக்க முழுக்கக் கணவனின் தொல்லைகளால் வரையப்பட்டது. நர்மதைப் பாலத்தில் டயர் சூடாகும். சம்பலில் காற்று இறங்கும். பஞ்சாபில் கண் எரியும். இமயத்தின் அடிவாரத்தில் பிலாஸ்பூர் என்றொரு ஊர். அங்கே எப்போது போனாலும் இன்ஜின் கொதித்து வண்டி நின்றுவிடும். தொழுகை முடிந்து கையேந்தும்போது இந்த ஊர்களையெல்லாம் பெயர் சொல்லி முறையிடுவாள். பிலாஸ்பூரைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே முறையிடுவாள்.

அந்த முறையீடு ஒருநாள் பலித்ததுபோல, அவளுடைய தம்பி ரஹீம் ஒரு செய்தியோடு வந்தான். மணலி புதுநகரில் ஒரு குடோனுக்கு வாசல் கண்காணிப்பாளர் தேவைப்பட்டது.

"எட்டு மணி டூட்டி மச்சான். நாற்காலி கீது, தலைக்கு மேல ஃபேனு கீது. வர்ற வண்டிக்குக் கதவு தொறக்கணும், போற வண்டிக்குக் கதவு மூடணும். அவ்ளோதான் வேலை" என்றான் ரஹீம்.

ஒவைஸ் தட்டில் கை வைத்தபடியே இருந்தான்.

"இன்னாங்க, காதுல வுழுந்துச்சா?" என்றாள் உமைமா. "இனிமே பிலாஸ்பூரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

"சரி" என்றான் அவன்.

"சந்தோசமாச் சொல்லேன்டா" என்றாள் அவன் தாய் ஜீனத்.

"சந்தோசம்தான்மா."

ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த ஒரு சரக்கை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, வந்த மறுநாளே வேலையில் சேர்வதென முடிவாயிற்று. இமாச்சலத்தில் ஒரு நீர்மின் நிலையத்துக்கான இயந்திரப் பாகங்கள் இரண்டு டிரெய்லர்களில் போகின்றன. முன் வண்டி அதே சந்தில் வசிக்கும் ஜேக்கபுடையது. பின் வண்டி ஒவைஸுடையது. புறப்படுவதற்கு முந்தைய நாள், ஒவைஸுடன் துணையாகப் போகவிருந்த தவ்ஃபீக்குக்கு மஞ்சள் காமாலை என்று தெரிந்தது. அகலமான சரக்கு என்பதால் பகலில் மட்டுமே ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு ஒருவர் போதும். ஆனால் இடப்பக்கத்தைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் இல்லாமல் முடியாது.

"நான் வரேன்" என்றாள் உமைமா. "புள்ளைங்களுக்கு லீவுதானே? மாமி பாத்துக்குவாங்க. கடைசி தபா இவரு தனியா கஸ்டப்பட வேணாம்."

ஜீனத் மகனைப் பார்த்தாள். "எங்கடா போற நீ?"

"மணாலிப் பக்கம்மா."

"தோ இருக்கிற மணலிக்கு எதுக்குடா பொண்டாட்டி தொணை? அம்பத்தாறு சி பஸ்ஸு புடிச்சா அரை அவுர்ல போயிடலாமே."

"அந்த மணலி இல்லம்மா. இது மலை மேல கீது."

"அய்யய்ய! அப்போ கண்டிப்பா கூட்டிகினு போ. சோறாவது ஆக்கிப் போடுவா."

இப்படியாக ஆயில்மில் சந்தின் முதல் பெண் லைனுக்குப் புறப்பட்டாள். துன்பத்தைப் பங்கிட்டுக்கொள்ளவே அவள் போனாள். புளிச்சாதமும் முதுகுவலித் தைலமும் யாசீன் ஓதிய தண்ணீரும் அவள் பையில் இருந்தன.

இடப்பக்கத்தைப் பார்ப்பதே அவள் வேலை. கம்பமோ மரக்கிளையோ நெருங்கினால் சொல்ல வேண்டும். அவள் மூன்றாம் மாடி உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். ஹைதராபாத் நெருங்கியபோது கம்பங்களை மறந்துபோனாள். சாலையோரம் பாறைகள் நின்றன. நிலத்திலிருந்து முளைத்தவைபோல அல்ல. யாரோ ஒருவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துப் பாதியில் எழுந்து போய்விட்டதுபோல. வீடளவு பாறை ஒன்று, விரல் வைத்தால் உருளும் என்று தோன்றும்படி இன்னொன்றின் முனையில் அமர்ந்திருந்தது. அது அப்படியே எத்தனை யுகமாக அமர்ந்திருக்கிறதோ என நினைத்தபடி அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"இன்னாங்க இது?"

"கல்லு" என்றான் ஒவைஸ். "ரோட்டுல வுழுந்தா டயரு போயிடும்."

கோதாவரியைக் கடந்து நிர்மல் மலைப்பாதையில் ஏறினார்கள். கோடையில் இலையுதிர்த்த தேக்கங்காடு சாம்பல் நிறத்தில் மைல்கணக்காக நின்றது. அந்தச் சாம்பலின் நடுவே ஒரேயொரு மரம் மட்டும் உடல் முழுதும் மஞ்சளாகப் பூத்திருந்தது. அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் கியரை மாற்றினான். "பிரேக்கு சூடாவும் இங்க" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. பிரேக் சூடாகத்தான் செய்தது. சந்தில் அவன் சொன்ன எந்தத் தொல்லையும் கற்பனையல்ல என்பதை வழியெங்கும் கண்டாள். செக்போஸ்டில் வெயிலில் காக்கவைத்தார்கள். முதுகு வலித்தது. தைலம் தீர்ந்துபோனது. ஆனால் அந்தத் தொல்லைகளைச் சுற்றி இவ்வளவு பெரிய நிலம் கிடந்ததை எவரும் அவளுக்குச் சொன்னதில்லை. அதுவரை அவள் கேட்டதெல்லாம் பக்கத்தின் ஓரக் குறிப்புகள் மட்டுமே. பக்கம் இப்போதுதான் திறந்தது.

நர்மதைப் பாலத்தைத் தாண்டியதும் ஒவைஸ் வண்டியை ஓரங்கட்டினான். முன்னால் போன ஜேக்கபும் நிறுத்தினார். இருவரும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்த்தார்கள். காற்று குறைந்த டயர் மந்தமாக ஒலிக்கும், நிறைந்தது கணீரென்னும். எல்லாம் கணீரென்றே ஒலித்தன. ஆனாலும் அவர்கள் உடனே ஏறிவிடவில்லை. கம்பியை ஊன்றிக்கொண்டு ஆற்றின் பக்கம் திரும்பி நின்றார்கள். கீழே நர்மதை அகன்ற பாறைகளுக்கிடையே பச்சைநிறத்தில் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் ஒரு கிழவர் நீரை இரு கையாலும் அள்ளி, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டார். அவருக்குப் பின்னால் கோயில்களும் மரங்களும் வெயிலும் ஒரே நிறத்தில் கலந்து கிடந்தன.

"டயரு எப்டி கீது மாமு?" என்றான் ஒவைஸ்.

"சூடுதான்" என்றார் ஜேக்கப், ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ததியாவில் ஒரு குன்றின்மேல் ஏழடுக்கு அரண்மனை தெரிந்தது. ஜன்னல்களின் வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. அவ்வளவு பெரிய மாளிகையில் ஒருவரும் இல்லை. சம்பலில் மறுபடி டயர் தட்டினார்கள். பூமி அங்கே உடைந்து கிடந்தது. மழை மட்டுமே செதுக்கிய மண்கோபுரங்களும் சந்துகளும் இருட்டு வாசல்களுமாக, மனிதர் குடியேறாத ஒரு மாநகரம். அதன் நடுவே ஆறு தெளிவாக ஓடியது. மணல்திட்டில் கட்டைபோல் கிடந்த ஒன்று நீண்ட வாயைத் திறந்து மூடியது. அது முதலை என்று அவளுக்குப் புரிய நேரமாயிற்று. கம்பியொலி நின்று நெடுநேரமாகியும் ஒவைஸ் வண்டிக்கு அந்தப் பக்கத்திலேயே இருந்தான்.

உமைமாவுக்குச் சந்தேகம் அங்கேதான் முளைத்தது. பஞ்சாபின் அறுவடை முடிந்த வயல்கள் வழியாகப் போகும்போது அது வளர்ந்தது. மலை தொடங்கியதும் உறுதிப்பட்டது. சுரங்கப் பாதைக்குள் நுழையாத சரக்கு என்பதால் பழைய மலைப்பாதையில் ஊர்ந்தார்கள். பிலாஸ்பூர் வந்தது. எதிர்பார்த்தபடியே ஒவைஸ், "இன்ஜின் சூடாயிடுச்சி" என்று சொல்லி நிறுத்தினான்.

அவள் வெப்பமானியைப் பார்த்தாள். முள் பாதியைக்கூட எட்டவில்லை.

சாலையோரத் தேநீர்க் கடைக்காரர் ஒவைஸைக் கண்டதும் ஒரு பெஞ்சைத் தூக்கிவந்து, ரோட்டுக்கு முதுகு காட்டும்படி போட்டார். உமைமாவைப் பார்த்து இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். தனக்குத் தெரிந்த கொஞ்சம் உருதுவைக் கொண்டு அவள் புரிந்துகொண்டாள்: உன் வீட்டுக்காரர் இங்கே உட்கார்ந்தால் தேநீர் ஆறிப் போகும்; நான் எப்போதும் இரண்டாவது கோப்பை போட வேண்டியிருக்கும்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கீழே ஏரி.

அணை கட்டியபோது பழைய ஊர் நீருக்குள் போய்விட்டதாம். கோடையில் நீர் இறங்க இறங்க அந்த ஊரின் கோயில்கள் மட்டும் மேலே வருமாம். இப்போது அவை வந்திருந்தன. இடுப்புவரை வண்டலில் புதைந்த கல்கோபுரங்கள், ஈரம் காயாத மேனியோடு சேற்றுவெளியில் நின்றன. ஒன்று சாய்ந்திருந்தது. ஒன்றின் உச்சியில் கொக்கு. மாடுகள் கோபுரத்தின் தோளில் உரசிக்கொண்டு போயின. அவற்றுக்கப்பால் நீலநீர், நீருக்கப்பால் மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. ஒவ்வோர் ஆண்டும் மூழ்கி, ஒவ்வோர் ஆண்டும் எழுந்து வந்து தன் இடத்திலேயே நிற்கும் கல்லைப் பார்த்தபோது உமைமாவின் உதடுகள் தாமாகவே "சுப்ஹானல்லாஹ்" என்றன. வேறு மார்க்கத்தின் கோயிலைப் பார்த்து அதைச் சொல்லலாமா என்ற தயக்கம் பிறகுதான் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"இன்ஜின் சூடாவலை" என்றாள், ஏரியைப் பார்த்தபடியே.

அவன் தேநீரை ஊதினான்.

"நர்மதைல டயரும் சூடாவலை. அந்த முதலை இருந்த எடத்துல காத்தும் எறங்கலை. நானும் பாத்துகினேதான் வரேன். இன்னாத்துக்குங்க இங்கெல்லாம் நிப்பீங்க?"

ஒவைஸ் கோப்பையைக் கையில் உருட்டினான். "பாக்க" என்றான்.

"எப்போலேந்து?"

"மொத தபா வந்ததுலேந்து. மெய்யாலுமே அன்னிக்கு இன்ஜின் சூடாச்சுமே. எறங்கி நின்னேன். அப்பால ஒவ்வொரு தபாவும்..."

"இந்த ஊரு நாசமாப் போவணும்னு நான் எத்தினி துஆ கேட்டுக் கீறேன் தெரியுமா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "ஒரு வார்த்த சொன்னீங்களா? ஒரு போட்டோ? வெடிச்ச டயரு போட்டோ போன் நெறைய கீது எங்கிட்ட."

"எப்டி சொல்றது? போன் பண்ணா நீ இன்னா சொல்லுவ? தண்ணி லாரி வர்ல, சின்னவனுக்கு இருமல் நிக்கல, அம்மாவுக்கு காலு வீங்கிக் கீது. நான் இங்க ஜில்லுனு காத்துல குந்திகினு, இங்க ஏரிக்குள்ள கோயிலு கீதுமே, சோக்கா கீதுன்னு சொல்ட்டா?"

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்ப. போனை வெச்சிட்டு அழுதிருப்ப."

அது உண்மையாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் கோபம் அடங்கவில்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது என்பது குழம்பிப்போயிற்று.

"அப்போ அந்த கேட்டு வேலை?"

"பேசியாச்சே."

"வேணாம்னு சொல்லிடுங்க."

"இன்னான்னு சொல்லுவேன்? அம்மா சந்து பூரா சொல்லிக் கீது, எம்புள்ள இனிமே கஸ்டப்பட மாட்டான்னு. வேணாம்னா ஏன்டான்னு கேக்கும். கஸ்டம் புடிச்சிக் கீதும்மான்னா சொல்றது? வூட்டுல இருக்க புடிக்கலைன்னுதான் நெனைக்கும். உன் தம்பியும் அப்டித்தான் நெனைப்பான். உடுமே. நாற்காலி கீது, ஃபேனு கீது."

அவனிடம் இருந்தது ஒரே காரணம். அது சொல்லக்கூடாத காரணம். இத்தனை ஆண்டுகள் அவன் மரியாதையாகப் பேசிவந்த பேச்சே அவனைச் சுற்றிச் சுவராகிவிட்டிருந்தது. அந்தச் சுவரை எழுப்பியதில் தன் இரக்கத்துக்கும் பங்குண்டு என்பதை உமைமா அப்போது உணர்ந்தாள். குடோன் வாசலில் நாற்காலியில் அமர்ந்து, வடக்கே போகும் வண்டிகளுக்குக் கதவு திறந்துவிடும் ஒவைஸை அவள் மனத்தில் பார்த்தாள். அதற்குமேல் அவளால் தேநீர் குடிக்க முடியவில்லை. கடைக்காரர் இரண்டாவது கோப்பை கொண்டுவந்தார்.

குலு பள்ளத்தாக்கில் சரக்கை இறக்கிய காலையில் மேகம் விலகியது. ஆற்றின் இரைச்சலுக்கு மேலே தேவதாரு மரங்கள். அவற்றுக்கு மேலே வெறும் பாறை. அதற்கும் மேலே, மலை முடிந்துவிட்டது என்று அவள் நினைத்த உயரத்துக்கும் மேலே, வானத்தின் நடுவில் வெண்மையாக ஒரு விளிம்பு நின்றது. அதை முதலில் மேகம் என்றே எடுத்துக்கொண்டாள். மேகங்கள் நகர்ந்தன, அது நகரவில்லை. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றாள். தன் பெயரும் சந்தும் மறந்துபோன ஒரு கணம் அதில் இருந்தது. பயம்போலவும் இருந்தது, தொழுகைபோலவும் இருந்தது. பக்கத்தில் ஒவைஸ் கம்பியும் இல்லாமல், சாக்கும் சொல்லாமல், சும்மா நின்றான். அவன் முகத்தை அப்படி அவள் பார்த்ததில்லை. பிள்ளைகள் பிறந்தபோதுகூட அதில் கொஞ்சம் கவலை கலந்திருந்தது.

காலி வண்டிகள் வேகமாகத் திரும்பின. பஞ்சாபுக்கு இப்பால் ஒரு தாபாவில் மதியச் சாப்பாட்டின்போது ஜேக்கப் தம் ரொட்டித் தட்டோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒரு வார்த்த. சந்துல போயி ஒளறிடாத."

"இன்னாத்தண்ணே?"

"தெரியாத மாரி கேக்காத. ரோசி எனக்கோசரம் ராயபுரம் பீட்டர் கோயில்ல மெழுகுவத்தி கொளுத்திகினு கீறா. கல்யாணம் ஆனதுலேந்து. வூட்டுக்குப் போனா வஞ்சிரத்துல நடுத்துண்டு எனக்கு. காலு அமுக்கி உடுவா. எதுக்கு? நான் படற கஸ்டத்துக்கு. நீ போயி மலைங்கிற, ஆறுங்கிற... நாளையிலேந்து எனக்கு வாலுதான்."

"மீனுக்காகவாண்ணே இவ்ளோ பயம்?"

ஜேக்கப் ரொட்டியைப் பிய்த்தார், வாயில் போடவில்லை. "மீனு போனாப் போவுது. 'இத்தினி நாளு நீ மட்டும் பாத்தியா'ன்னு ஒரு பார்வ பாப்பா பாரு. அத்தத் தாங்க மாட்டேம்மா."

உமைமா எழுந்து கை கழுவப் போனாள். வழிநெடுக இடப்பக்க ஜன்னலில் சாய்ந்திருந்தாள். அவள் வாய் திறந்தால் ஒரு வீட்டின் அமைதி குலையும். திறக்காவிட்டால் ஒரு மனிதன் வாசலில் நாற்காலி போட்டு முடிந்துபோவான். சம்பலும் நர்மதையும் மறுபடி வந்து போயின. ஒவைஸ் இந்த முறை நிறுத்தவில்லை. பாலங்களை அவன் கடந்த விதத்தில், விடைபெறுவதைத் தள்ளிப்போட விரும்பாத ஒருவனின் அவசரம் தெரிந்தது.

தச்சூரில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து பொன்னேரி, மீஞ்சூர் வழியாக வந்தபோது ஞாயிற்றுக்கிழமை விடிந்துகொண்டிருந்தது. காத்திவாக்கம் பாலத்தின்மேல் ஏறியதும் உமைமா நிமிர்ந்தாள். கழிமுகம் வெள்ளித் தகடுபோல் விரிந்திருந்தது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மலைச்சிகரங்களின் உயரத்துக்கு எழுந்து, புகையை இளஞ்சிவப்பாகக் கடல்மேல் சாய்த்தன. முட்டளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கூழைக்கடா ஒன்று அரசனைப்போல் மிதந்தது. பிறந்ததிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடம். இதையும் அவளுக்கு எவரும் காட்டியதில்லை, அவளும் கேட்டதில்லை.

சந்து முனையில் கூட்டமே கூடியிருந்தது. அவர்களில் ஒருத்தி லைனுக்குப் போய்வந்திருக்கிறாள். தாங்கள் இதுநாள்வரை கேட்டுவந்த துன்பக் கதைகளுக்கு முதல் சாட்சி. தண்ணீர் லாரிக்கு நின்றவர்கள் குடங்களை வரிசையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பூசைக்குப் போய்த் திரும்பிய ரோசி, தலை முக்காட்டைக்கூட எடுக்காமல் சொம்போடு நின்றாள். ரஹீம் கையில் ஹேங்கரில் மாட்டிய வெளிர்நீலச் சட்டை. குடோன் வாசல் வேலைக்கானது, தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது.

ரோசி தண்ணீரை ஒவைஸிடம் நீட்டினாள். "வழி எப்டி?"

"டயருதான் பேஜாரு பண்ணிச்சிக்கா" என்று ஒவைஸ் தொடங்கினான். அந்தக் குரலில் பழகிய வரிசை இருந்தது. "நிர்மல் மலைல பிரேக்கு சூடு. அப்பால நர்மதைல..."

"அய்யோ, அல்லா!" என்றாள் ஜீனத். "போதும்டா. இனிமே எம்புள்ள அந்த நரகத்துக்குப் போவ வேணாம். ரஹீம், அந்தச் சட்டையைக் குடு. அளவு சரியா கீதான்னு பாக்கட்டும்."

ரஹீம் சட்டையை நீட்டினான். ஒவைஸ் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கப்போனான்.

"உமைமா, நீ சொல்லு கண்ணு" என்றாள் ரோசி. "பாவம், ரொம்ப கஸ்டப்பட்டுட்டியா?"

ஜேக்கப் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி டயர்டா கீது ரோசி. போயி தூங்கட்டும், அப்பால பேசிக்கலாம்."

"டயர்டா இல்லண்ணே" என்றாள் உமைமா.

அவள் ஒவைஸைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். கண்கள் அப்படிச் சொல்லவில்லை.

"அது நரகம் இல்ல மாமி" என்றாள் அவள். "கஸ்டம் கீது. முதுகு ஒடையுது, டயரு சூடாவுது, எல்லாம் நெஜம். ஆனா அவ்ளோதான்னு இவங்க சொன்னது நெஜம் இல்ல."

"இன்னாடி ஒளர்ற?" என்றாள் ஜீனத்.

"ரஹீம், அந்தச் சட்டையைத் திருப்பிக் குடுத்துடு. உன் மச்சானுக்கு அந்த வழி புடிச்சிக் கீது. ஒவ்வொரு எடத்துலயும் எறங்கி நின்னு பாப்பாரு. நமக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும்னு வாயைக் கட்டிகினு வந்து டயர் கதை சொல்லுவாரு. இவரு மட்டும் இல்ல." அவள் ஜேக்கபைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. ரோசியின் தலை மெல்லத் திரும்பியது. ஜேக்கப் தம் செருப்பைக் குனிந்து தட்டினார்; தூசி எப்போதோ போயிருந்தது.

தண்ணீர் லாரி சந்துக்குள் நுழைந்து ஹாரன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. உமைமா குரலை உயர்த்தினாள், லாரிக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி.

"சோக்கா கீதுக்கா! ஏரிக்குள்ள கோயிலு கீது. தண்ணி எறங்குனா மேல வந்து நிக்குது. பனிமலைய மேகம்னு நெனச்சேன், நவுரவே இல்ல. நர்மதை பச்சையா ஓடுது. நான் கண்ணால பாத்தேன்."